மஞ்சள் பொட்டு வைத்த கதிரை

நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது மிஸஸ் பார்னெட் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. துணியில் சிவப்பு.

விழுந்துவிட்டார், மண்டை உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எண்பதை நெருங்கிய மனுஷி. கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தலையைத் தடவிப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு முன்னறைப் பக்கம் விரலை நீட்டினார்.

"கதிரைக்கு ரத்தம் வருகிறது" என்றார்.

மிஸஸ் பார்னெட் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிறவர்தான். ஆனால் அன்றைக்கு அந்த முகத்தில் பகிடி இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை சாவு வீடுகள்தான் அதிகம் என்று ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருந்தார். அவருக்காகவே சொல்கிறேன், இந்த வாரம் யாரும் சாகவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிகிறது. ஆனாலும் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொன்று, கதிரை என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நாற்காலி என்று வாசித்துக்கொள்ளலாம். எனக்கு அது கதிரையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தரையிலா, கதிரையிலா?

எண்பதுகளின் கடைசி. லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் மிஸஸ் பார்னெட்டின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் ஒரு பார்மசியில் கவுண்டரில் நின்றேன். என் கணவருக்கு பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை.

அதற்கு முன் வீடு தேடி நாங்கள் அலைந்த அலைச்சலைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். கறி மணக்குமா, எத்தனை பேர் வந்து போவார்கள், சத்தமாகப் பேசுவீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். மிஸஸ் பார்னெட் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நீங்கள் தரையில் உட்காருவீர்களா, கதிரையில் உட்காருவீர்களா?

என் கணவர் அப்போதுதான் அகதி விண்ணப்ப விசாரணை முடித்து வந்திருந்தவர். எந்தக் கேள்வியிலும் ஒரு பொறி இருக்கும் என்று நம்பினார். நன்றாக யோசித்து, இரண்டிலும் என்றார். மிஸஸ் பார்னெட்டுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. அன்றே சாவி கிடைத்தது.

வீட்டில் எங்கும் போகலாம், தோட்டத்தில் உடுப்புக் காயப்போடலாம். முன்னறைத் திரைச்சீலையை மட்டும் திறக்கக்கூடாது. அந்த அறை பட்டப்பகலிலும் இருட்டாகவே கிடக்கும். நடுவில் வெளிறிய மரத்தில் ஒரு கதிரை. அதில் யாரும் உட்காரக்கூடாது. அவரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் தடவை பார்த்தபோதே அதை எங்கோ கண்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் பிடிபட்டது. டூட்டிங்கில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடந்த தேவாலய மண்டபத்தில் இதே கதிரைதான். சங்கக் கூட்டத்தில் அடிபிடி வந்தபோது ஒருவர் தூக்கிக் காட்டியதும் இதைத்தான். விசாரணைக்காக என் கணவர் காத்துக்கிடந்த அறையிலும் இதுதான். தட்டுகளை அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளிவைக்கலாம். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் மண்டபம் என்று எங்களுக்குக் கிடைத்த எல்லா இடத்திலும் அதுதான் இருந்தது. அதில் இருந்துதான் தேவாரம் படித்தோம், சண்டை பிடித்தோம், செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

எங்கள் கலியாணமும் அதில்தான். மிச்சம் ஊரில் ஒரு மண்டபம். மணவறைக்கு வசதி இல்லை. இரண்டு கதிரையை ஒட்டிப்போட்டு மேலே சிவப்பு விரிப்பை விரித்தார்கள். ஐயர் அவசரப்படாதவர், மணிக்கணக்கில் அதில் இருந்தோம்.

இதை நான் சொன்னபோது மிஸஸ் பார்னெட் என்னைக் கூர்ந்து பார்த்தார். "முதுகு வலித்ததா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கால் விறைத்தது, கண் எரிந்தது, பசித்தது. முதுகு வலித்ததாக ஞாபகம் இல்லை. இல்லை என்றேன். அவர் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

கால் அவர், முதுகு நான்

மிஸ்டர் பார்னெட் நாங்கள் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். யுத்த காலத்தில் ஒட்டுப்பலகையில் விமானச் சிறகு செய்கிற இடத்தில் வேலை பார்த்தவராம். யுத்தம் முடிந்தது. மரத்துக்குத் தட்டுப்பாடு, வீடுகளுக்குத் தட்டுப்பாடு, குண்டு விழுந்த தெருக்களில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உட்கார ஒன்றும் இல்லை. சிறகு வளைத்த கை கதிரை வளைக்கத் தொடங்கியது. மிஸஸ் பார்னெட் ஓவியப் பள்ளியில் படித்தவர். இரண்டு பேரும் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் வேலை தொடங்கினார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு என்ன செய்வார்கள் என்று எனக்கு அப்போது கற்பனையே இல்லை. எங்கள் ஊரில் அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. கதிரை செய்தார்கள் என்று அவர் சொன்னது என்னவோ என் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கதிரையின் காலும் சட்டமும் கணவருடைய யோசனை. சாய்கிற பகுதி இவருடையது. அதற்காகப் பலகையில் களிமண் பூசி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் சாயச் சொல்லுவாராம். பால்காரர், தபால்காரர், கரி மூட்டை கொண்டுவருகிறவர், கர்ப்பிணியாக இருந்த பக்கத்து வீட்டுக்காரி. பலருடைய கோட்டு நாசமாய்ப் போனதாம். அந்த முதுகுகளை எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வளைவை எடுத்தார்.

"கால் அவர், முதுகு நான்" என்பார். "காலை எல்லோரும் பார்ப்பார்கள். முதுகு சரியாக இருந்தால் யாருக்கும் ஞாபகமே வராது."

பிறகு ஒரு தொழிற்சாலை அதை ஆயிரக்கணக்கில் செய்து விற்றது. ஒரு பெயர் போதும் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்லிவிட, கணவர் பெயர் மட்டும் அடியில் ஒட்டப்பட்டது. கணவருக்கு அது கடைசி வரை உறுத்தியதாம். இவர் அதைக் கோபமாகச் சொல்லமாட்டார். ஆனால் அடிக்கடி சொல்லுவார்.

முன்னறையில் இருந்தது அவர்கள் இருவரும் கையால் செய்த முதல் கதிரை. ஆஷ் மரம். பொலிஷ், வார்னிஷ் ஒன்றும் கிடையாது. ஒருதரம் டென்மார்க் போனபோது கண்டு பழகிய முறையில் சவர்க்காரச் சீவலை, சோப்புச் சீவலைத்தான், வெந்நீரில் கரைத்து, துணியில் தொட்டுத் துடைத்துத் துடைத்தே அந்த வெள்ளையை அவர் காப்பாற்றி வந்தார். வெயில் பட்டால் ஆஷ் மரம் பழுத்துத் தேன் நிறமாகிவிடும். அதனால்தான் அந்தத் திரைச்சீலை.

அந்த வருடம் ஒரு அருங்காட்சியகத்தில் ஐம்பதுகளின் மேசை, கதிரை போன்ற தளபாடங்களை வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறார்கள் என்று ஒரு பெண் வந்து பேசிவிட்டுப் போனாள். முதல் கதிரை கிடைத்தால் அதைச் செய்த இருவர் பெயரையும் அட்டையில் போடலாம். அதன் மேற்பரப்பு பழுதில்லாமல், பழையபடியே இருக்கவேண்டும். இல்லையென்றால் தொழிற்சாலைக் கதிரை ஒன்றை வைத்துவிடுவார்கள். அதில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் அட்டையிலும் வரும்.

மிஸஸ் பார்னெட் அன்று படியேறி மேலே வந்து எங்கள் குசினியில் அடுப்போரம் நின்று இதைச் சொன்னார். அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை.

மச்சாளின் சரசுவதி பூசை

இனி ராணி மச்சாள். என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வந்து, எங்கெங்கோ சுற்றி, அந்தக் கோடையில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தவர். வரும்போது ஒரு பையும் முதுகுவலியும் மட்டும் கொண்டுவந்தார். பங்கருக்குள் குந்தியிருந்ததும் பஸ்களில் நின்றதும் கண்ட கண்ட தரைகளில் படுத்ததும் சேர்ந்த வலி. எந்த இருக்கையிலும் அவரால் கொஞ்ச நேரத்துக்கு மேல் இருக்க ஏலாது. எழுந்து நின்றுகொண்டே சாப்பிடுவார்.

மிஸஸ் பார்னெட்டுக்கும் மச்சாளுக்கும் நடுவில் பொதுவான மொழி இல்லை. பூச்செடிகள்தான் இருந்தன. மிஸஸ் பார்னெட் குரோய்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும் நாட்களில் மச்சாளிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவார். மச்சாள் கீழே போய்த் தண்ணீர் விடுவார்.

அன்றைக்குச் சரசுவதி பூசை. நான் வேலைக்குப் போகவேண்டும் என்று காலையிலேயே படைத்துவிட்டேன். என் பேனா, கணவரின் ஓட்டுநர் பாடப் புத்தகம், மச்சாளின் தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. சந்தனம் அத்தோடு தீர்ந்துபோனது.

பத்து மணிவாக்கில் மச்சாள் தண்ணீர் விடக் கீழே போனார். முன்னறைக் கதவு திறந்திருந்தது. கதிரை கண்காட்சிக்குப் போகப்போகிறது என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்காரியின் தொழில் இது, அடுத்த கிழமை நல்ல காரியத்துக்குப் புறப்படப்போகிறது, பூசை நாளில் மொட்டையாக நிற்கிறதே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. மேலே வந்து மஞ்சள்தூளைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்தார். கீழே போய், கதிரையின் முதுகுப் பகுதியில் நட்ட நடுவே மூன்று பொட்டு வைத்தார். கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பின்னேரம் திரும்பி வந்த மிஸஸ் பார்னெட் பொட்டுகளைக் கண்டார். அவர் சத்தம் போடவில்லை. எந்த அழுக்குக்கும் செய்கிற மாதிரி சவர்க்காரச் சீவலைக் கரைத்து, துணியில் தொட்டுத் துடைத்தார்.

ஆலாத்தி, அதாவது ஆரத்தி, கரைத்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகுமோ, சவர்க்காரம் பட்டாலும் அதேதான். அவர் துடைக்கத் துடைக்கக் கதிரை முதுகில் சிவப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

தேசிக்காயும் திரைச்சீலையும்

நான் மேலே ஓடிப்போய் மச்சாளைக் கேட்டேன். அவர் அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நான்தான் வைச்சனான்" என்றார். "அவவின்ர தொழில் அல்லோ? பூசை நாளிலை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் விடுறதே?"

கோபிக்கவா, அழவா என்று எனக்குத் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சுவரோடு நின்றார். இந்த வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மனுஷி எத்தனை வருஷமாகக் காத்த சாமான், பிள்ளை, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வெட்டி எடுத்துக்கொண்டு நான் கீழே வந்தேன். மச்சாளும் பின்னால் வந்தார். அதன் புளிச்சாற்றைத் தொட்டுத் துடைத்ததும் சிவப்பு அடங்கி மறுபடி மஞ்சளானது. மிஸஸ் பார்னெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஆச்சரியம் பொறுக்கவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டார்.

மஞ்சள் மட்டும் போகவில்லை. மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டது.

அப்போது மச்சாள் என்னிடம் சொன்னார். "வெயில்லை வைச்சால் போயிடும் எண்டு சொல்லன்."

எனக்கு அது ஏன் உடனே தோன்றவில்லை என்று தெரியவில்லை. கறி கொட்டின வெள்ளைச் சட்டையைத் தோய்த்தாலும் மஞ்சள் போகாது, கொடியில் வெயில் பட்டால் போய்விடும். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த அறையில் நின்றுகொண்டு வெயில் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மஞ்சளைப் போக்க வெயில் வேண்டும். வெயில் பட்டால் மரமே மஞ்சளாகும். எதைப் போய் அந்த மனுஷியிடம் சொல்வது?

சொன்னேன். அவர் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய் ஆஷ் மரத்துண்டுகள் இரண்டு எடுத்துவந்தார். மச்சாளிடம் நீட்டி, பொட்டு வைக்கும்படி சைகை காட்டினார். மச்சாள் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தார். மிஸஸ் பார்னெட் ஒரு துண்டைத் தன் குசினி யன்னலில் வைத்தார், மற்றதை அலுமாரிக்குள் வைத்தார். எதையும் பரீட்சித்துப் பார்க்காமல் செய்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுத் துண்டுகளைக் காட்டினார். அலுமாரிக்குள் இருந்தது வைத்தபடியே இருந்தது. யன்னலில் இருந்தது பாதி வெளிறியிருந்தது.

பழுப்புக் கடதாசியில் ஓட்டை வெட்டி, கறை உள்ள இடம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரிக் கதிரையை மூடிவைக்கலாம் என்று முதலில் யோசித்தார். கடதாசியையும் வெட்டிவிட்டார். பிறகு அதைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

"இல்லை. பழுக்கிறதென்றால் முழுதாகப் பழுக்கட்டும்" என்றார்.

அவரே போய்த் திரைச்சீலையை இழுத்தார். பல வருடத்துத் தூசு எழும்பி எங்கள் மூன்று பேருக்கும் தும்மல் வந்தது.

லண்டன் வெயில்

ஐப்பசி மாதத்து லண்டனில் வெயிலை நம்பி ஒரு காரியத்தில் இறங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். மழை, மூட்டம், மறுபடி மழை. நான் பார்மசியில் நின்றுகொண்டு மருந்து வாங்க வருகிறவர்களிடம், ஸ்ட்ரெதம் பக்கம் வெளிச்சமா என்று விசாரித்தேன். இந்த நாட்டுச் சனம் வானிலை பேச அலுக்காத சனம், ஆகையால் ஒருவரும் என்னை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

வீட்டில் மச்சாளும் மிஸஸ் பார்னெட்டும் பகல் முழுக்க முன்னறையில். மேகம் விலகினால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கதிரையை வெளிச்சத்துக்கு நகர்த்துவார்கள். வெளிச்சம் நகர்ந்தால் கதிரையும் நகரும். நடுநடுவே தேநீர். நான் வரும்போது மிஸஸ் பார்னெட் மச்சாளுக்கு வெயிலுக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தார், தானும் தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டு அதை 'வேயில், வேயில்' என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.

அருங்காட்சியகத்துப் பெண் கதிரையைப் பார்த்து எடுத்துப்போக வருவதற்கு முந்தைய நாள் பார்த்து வானம் துடைத்துவிட்ட மாதிரித் திறந்தது. காலையில் இருந்து மாலை வரை நல்ல வெயில். நான் அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஆள் மாற்றி ஆள் போய்ப் பார்த்தோம். மதியத்துக்கு மேல் தேடித்தான் கறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாலையில் தேடியும் கிடைக்கவில்லை.

மிஸஸ் பார்னெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மச்சாளைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்து, கதிரையைக் காட்டி, உட்காரச் சொன்னார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். எனக்கும் பயம். ஆனால் மிஸஸ் பார்னெட் விடவில்லை.

மச்சாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு விளிம்பில் இருந்தார். பிறகு மெதுவாகச் சாய்ந்தார். நாங்கள் நின்றபடி பார்த்தோம். யன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துவிடுவார், எழுந்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"முதுகு நோகேல்லை, பிள்ளை" என்றார்.

மிஸஸ் பார்னெட் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். முதுகு வலிக்கவில்லையாம் என்றேன். அவர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என்னத்துக்கு மூன்று பேரும் அழுதோம் என்று வீட்டுக்கு வந்த என் கணவருக்கு விளக்குவது பெரும் பாடாகப் போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மிக நன்றாகப் பேணப்பட்டிருக்கிறது என்றாள். கொஞ்சம் நிறம் கூடியிருக்கிறது, வயதுக்கு அது அழகுதான் என்றாள். கதிரை கம்பளத்தில் சுற்றப்பட்டு ஒரு வான் வண்டியில் ஏறிப் போனபோது மச்சாள் மேல் யன்னலில் நின்று கும்பிட்டார்.

கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. மிஸஸ் பார்னெட் தன் பெயரை ஒரு தடவைதான் வாசித்தார், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கதிரைக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். இருக்க விடாமல் கயிறு கட்டின கதிரையைப் பார்க்க இவ்வளவு சனமா என்று மச்சாள் என் காதுக்குள் கேட்டார். அதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல, மிஸஸ் பார்னெட் அந்த அமைதியான மண்டபத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த நவராத்திரி

கதிரை திரும்பி வந்த பிறகு அந்தத் திரைச்சீலை மறுபடி மூடப்படவில்லை. மச்சாளின் பின்னேரத் தேநீர் அந்தக் கதிரையில்தான். மரம் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வந்தது.

அடுத்த வருடச் சரசுவதி பூசை அன்று மிஸஸ் பார்னெட் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிவந்தார். என் கணவர் பின்னால் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இம்முறை வீட்டில் சந்தனம் இருந்தது. மச்சாள் கதிரையைக் கண்டதும் தன் இரு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

மிஸஸ் பார்னெட் கதிரையைச் சாமிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார். நாலு காலும் மேலே பார்த்தன. இருக்கையின் அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்கே வையுங்கள். மஞ்சளையே வையுங்கள்" என்றார். "இங்கே வேயில் வராது."

மச்சாள் மஞ்சளைக் குழைத்து மூன்று பொட்டு வைத்தார்.

பிற்காலத்தில் மிஸஸ் பார்னெட் தங்கையோடு வசிக்கப் போனபோது கதிரையை அந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். இப்போதும் அங்கே இருக்கிறது. கயிறு கட்டியிருக்கிறார்கள். அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறது. போகிறவர்கள் குனிந்து அடியில் பார்த்தால் மஞ்சள் தெரியும்.